நிறம் எங்கே இருக்கிறது? மட்டக்களப்பு, அம்பாறைப் பறவைகளை இறகு பார்த்து இனங்காணுதல்

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகத் தேவையில்லை. வாவிக்கரை, வயல் வரம்பு, குளக்கட்டு, முற்றத்து முருங்கை, பள்ளிக்கூட வேலியோரம் எல்லாவற்றிலும் பறவை இருக்கிறது. பிரச்சினை, பார்த்ததைச் சொல்லும்போதுதான் வருகிறது. "வெள்ளைக் கொக்கு ஒன்று நின்றது", "நீலக் குருவி ஒன்று பறந்தது" என்று சொன்னால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. இந்த மாவட்டங்களில் வெள்ளைக் கொக்கு என்று சொல்லக்கூடியவை மட்டும் 4 வகை. நீலம் பூசிய மீன்கொத்தியே 3 வகை.

ஆகவே ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறம் கண்ணில் பட்டால் அது உடம்பின் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த எல்லை வரைக்கும் இருக்கிறது என்று பாருங்கள். தலையில் கறுப்பு என்றால் நெற்றியோடு நிற்கிறதா, பிடரி வரை போகிறதா, தொண்டைக்கு இறங்குகிறதா? கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

வெளிச்சம் முதுகுக்குப் பின்னால்

இதைச் சரிசெய்யாமல் மற்றதைப் படித்துப் பயனில்லை. சூரியனை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். காலையில் வாவியைப் பார்க்கிறவர் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். பின்னேரம் என்றால் படுவான்கரைப் பக்கம் போய் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். கல்லடிப் பாலத்திலோ மண்முனைப் பாலத்திலோ நிற்கிறவர்கள் எந்தப் பக்கக் கைப்பிடியில் நிற்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம். வெள்ளெனப் போங்கள். 6 மணி முதல் எட்டரை வரை நல்ல நேரம். பிறகு பின்னேரம் 4 மணிக்குப் பின். மத்தியான வெயிலில் வெள்ளை இறகு கண்ணைக் கூச வைக்கும், அதிலுள்ள மெல்லிய சாம்பல் எல்லாம் அழிந்துவிடும்.

வெளிச்சத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இறகின் நிறம் எல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. கறுப்பும் கபிலமும் மெலனின் என்ற நிறமியால் வருபவை. மாங்குயிலின் மஞ்சளும் மரங்கொத்தியின் உச்சிச் சிவப்பும் இரையிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருபவை. நீலத்துக்கு அப்படி ஒரு நிறமி பறவைகளிடம் கிடையாது. இறகின் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் நமக்கு நீலம் தெரிகிறது. மீன்கொத்தியின் நீல இறகை இடித்துத் தூளாக்கினால் மங்கிய பொடிதான் மிஞ்சும். தேன்சிட்டின் ஊதா மினுக்கமும் மயில் கழுத்தின் பளபளப்பும் இப்படித்தான் உண்டாகின்றன. அதனால்தான் ஒரே தேன்சிட்டு ஒரு கொப்பில் கரியாகவும் அடுத்த கொப்பில் ஊதாவாகவும் தெரிகிறது. கறுப்பு, மஞ்சள், சிவப்பை ஓரளவு எந்தப் பக்கத்திலிருந்தும் நம்பலாம். நீலத்தையும் மினுக்கத்தையும் நம்புவதற்கு முன் நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

பைனாகுலர் இருந்தால் நல்லது. 8x42 என்று எழுதியிருப்பது தொடக்கத்துக்குப் போதும்: 8 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மில்லிமீற்றர். இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் மட்டும் கட்டாயம்.

மேலிருந்து கீழே வாசியுங்கள்

பறவை கண்ணில் பட்டதும் பெயரைத் தேட வேண்டாம். முதலில் காகத்தோடு ஒப்பிட்டு அளவு. பிறகு உச்சி, புருவக்கோடு, கண்ணைச் சுற்றிய இடம், தொண்டை, மார்பு, வயிறு, வாலடி (வாலுக்குக் கீழே உள்ள இடம்). அப்புறம் முதுகு, செட்டை, இடுப்பு (முதுகு வாலைத் தொடும் இடம்), வால். கடைசியில் சொண்டும் காலும். ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்கில் போனால், பறவை பாதியில் பறந்தாலும் எது வரை பார்த்தீர்கள் என்பது தெரியும்.

வீட்டு வேலிக்கு வரும் கொண்டைக்குருவியில் இதைப் பழகலாம். தலை கறுப்பு, சிறிய கொண்டை. "உடம்பு கபிலம்" என்று பலர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பக்கத்தில் வரும்போது வடிவாகப் பாருங்கள். மார்பிலும் முதுகிலும் ஒவ்வொரு இறகும் நடுவில் கருமை, ஓரத்தில் வெளிறல். அந்த வெளிறிய ஓரங்கள் அடுக்கடுக்காய் வருவதால் உடம்பு முழுவதும் மீன் செதில் போலத் தெரிகிறது. வாலடியில் மட்டும் ஒரு சிவப்பு. திரும்பிப் பறக்கும்போது இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டும் வால் நுனியில் வெள்ளையும் வெளியே வரும். உட்கார்ந்திருக்கும்போது தெரியாத அடையாளம், போகும்போது தெரியும் அடையாளம் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை விடக் கோலம் பல நேரங்களில் உறுதியானது. குறுக்கே போனால் வரி, நெடுக்கே போனால் கோடு, தனித்து நின்றால் புள்ளி, ஓரம் வெளிறினால் செதில். இந்த நான்கையும் பிரித்து எழுதப் பழகுங்கள். வேளாண்மை முற்றும் காலத்தில் கூட்டமாக இறங்கும் தினைக்குருவிகளைக் கோலமே பிரித்துக் காட்டும். மார்பில் செதில் இருந்தால் புள்ளித் தினைக்குருவி. செதில் இல்லாமல் தொண்டை கருமையாகி, வயிறும் இடுப்பும் வெள்ளையாக இருந்தால் வெண்முதுகுத் தினைக்குருவி. இரண்டும் ஒரே அளவு, ஒரே கனத்த சொண்டு. ஆனால் புள்ளித் தினைக்குருவியின் குஞ்சுக்குச் செதில் இன்னும் வந்திருக்காது, வெறும் கபிலம்தான். கூட்டத்தில் அப்படி ஒன்றைக் கண்டால் புது வகை என்று எழுதிவிடாமல் பக்கத்தில் நிற்கும் பெரியவற்றைப் பாருங்கள்.

வெள்ளைக் கொக்குகள்: நின்று நிதானமாக

புதிதாக வருகிறவர்கள் கிளியையும் மயிலையும் விட்டுவிட்டு முதலில் வெள்ளைக் கொக்குகளிடம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை அசையாமல் நிற்கும், எங்கும் கிடைக்கும், இறகின் நிறம் எல்லாவற்றிலும் ஒன்று. அதனால் கண் மற்ற இடங்களைத் தேடிப் போகப் பழகும்.

உழவு மிஷினுக்குப் பின்னாலும் மாட்டுப் பட்டிக்கு நடுவிலும் நிற்கும் கட்டைக் கழுத்துக் கொக்கு உண்ணிக்கொக்கு. சொண்டு மஞ்சள், கட்டை. இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்று இடங்களிலும் செம்மஞ்சள் ஏறும். அந்தக் காலத்தில் இதைத் தெரியாமல் போவது கஷ்டம்.

வாய்க்காலில் தண்ணீரைக் காலால் கலக்கிக் கலக்கி ஓடித் திரிவது சின்ன வெள்ளைக் கொக்கு. சொண்டு கறுப்பு, கால் கறுப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது. காலைத் தூக்கும்வரை அல்லது பறக்கும்வரை காத்திருங்கள். கூடு கட்டும் காலத்தில் பிடரியிலிருந்து நாடா மாதிரி இரண்டு நீள இறகு தொங்கும்.

மிச்சம் இருப்பது பெரிய கொக்கும் இடைக் கொக்கும். இந்த இரண்டில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். சொண்டின் நிறத்தை நம்ப முடியாது. சாதாரண நாளில் இரண்டுக்கும் மஞ்சள் (இடைக் கொக்கின் நுனி சிலவேளை கருமையாக இருக்கும்), இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் கறுப்பு. பார்க்க வேண்டிய இடம் வாயின் கோடு. சொண்டு பிளக்கும் கோடு கண்ணுக்குக் கீழே வந்து நின்றுவிட்டால் இடைக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. பெரிய கொக்கின் கழுத்து மிக நீளம், நடுவில் முடிச்சுப் போட்டதுபோல ஒரு மடிப்புத் தெரியும். உன்னிச்சைக் குளத்திலோ பொத்துவில் பக்கக் களப்புகளிலோ இரண்டும் ஒரே இடத்தில் மேயும் நாளில் நின்று பார்த்தால், வாய்க்கோட்டைத் தேடும் பழக்கம் கண்ணுக்குத் தானாக வந்துவிடும்.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் வெள்ளைக் கணக்கில் வந்து சேரும். அது குருட்டுக்கொக்கு. வரம்பில் குந்தியிருக்கும்போது மண் நிறம், கழுத்தில் நெடுங்கோடுகள், பக்கத்தில் போகும்வரை இருப்பதே தெரியாது. எழும்பிப் பறந்ததும் இரண்டு செட்டையும் தூய வெள்ளை. "கபிலமாய் இருந்தது வெள்ளையாய்ப் போனது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

செட்டை விரியும் கணம்

குருட்டுக்கொக்கு சொல்லித் தரும் பாடம் மற்றப் பறவைகளுக்கும் பொருந்தும். நிறைய அடையாளங்கள் மடித்த செட்டைக்குள் ஒளிந்திருக்கின்றன.

பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலோர மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது தலை பெருத்த, கபில நெஞ்சுப் பறவை. ஒரு வெட்டுக்கிளியைக் கண்டு கீழே பாயும் அந்தக் கணத்தில் செட்டை முழுவதும் கடும் நீலமும் வெளிர் நீலமும் பட்டை பட்டையாக விரியும். அதே இடத்துக்கு அது திரும்பி வந்து உட்காரும் பழக்கம் உடையது. ஆகவே அவசரப்படாமல் நின்றால் அந்தக் காட்சியை இரண்டாம் முறையும் பார்க்கலாம்.

மைனா பறந்தால் செட்டையில் வட்டமாய் வெள்ளை. வெண்தொண்டை மீன்கொத்தி பறந்தாலும் செட்டையில் வெள்ளைத் திட்டு. ஆட்காட்டி எழும்பினால் செட்டைக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டை, வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை. உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதையும் கறுப்பு மார்பும் இருந்தால் சிவப்பு மூக்கு ஆட்காட்டி. மஞ்சள் சதை தொங்கி, மார்பு மண் நிறமாக இருந்தால் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. இரண்டாமதைக் காய்ந்த தரையில் தேடுங்கள்.

உள்ளான்கள், அதாவது சேற்றிலும் நீரோரத்திலும் இரை தேடும் சிறு பறவைகள், கொஞ்சம் பொறுமை கேட்கும். செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கேயிருந்து வந்து எங்கள் களப்புகளிலும் வெட்டிய வயல்களிலும் தங்கும் இவை எல்லாமே கபிலமும் வெள்ளையும்தான். தொடக்கத்துக்கு மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். வாலை இடைவிடாமல் ஆட்டிக்கொண்டு, மார்பின் கபிலத்துக்கும் செட்டைக்கும் நடுவில் வெள்ளை ஒரு ஆப்பாக மேலே ஏறியிருந்தால் அது பொது உள்ளான். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, பறக்கும்போது இடுப்பு வெள்ளை என்றால் வயல் உள்ளான். செட்டையின் பின் ஓரம் முழுவதும் அகலமான வெள்ளை, கால் செம்மஞ்சள் என்றால் பவளக்காலி. மற்றவற்றை அடுத்த பருவத்துக்கு விடலாம்.

இன்னொரு விஷயம். சில வெள்ளைப் பறவைகளின் செட்டை நுனி ஏன் கறுப்பு என்று கேட்பார்கள். மெலனின் இருக்கும் இறகு தேய்மானத்தை அதிகம் தாங்கும், அதனால் காற்றோடு அதிகம் உரசும் இடத்தில் கறுப்பு இருப்பது பறவைக்கு நல்லது. நத்தைக்குத்தி நாரையில் செட்டையின் பின்பகுதி முழுவதும் கறுப்பு. வாவிக்கு மாரியில் வரும் கபிலத்தலைக் கடற்காகத்தில் கறுப்பு நுனிக்குள்ளே வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் அதன் தலை கபிலமாக இராது, வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டுத்தான். ஆகவே செட்டை நுனியைப் பார்த்து எழுதுங்கள்.

ஒரே பறவை, வேறு உடுப்பு

கொப்பியில் இரண்டு வகையாக எழுதியது ஒரே வகையாக இருக்கலாம். ஆண் குயில் முழுக் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் கபிலத்தில் வெள்ளைப் புள்ளி, வயிற்றில் வரி. குண்டுகரிச்சானில் ஆண் கறுப்பு வெள்ளை, பெண்ணில் அந்தக் கறுப்பு இருக்கும் இடம் சாம்பல். கவனியுங்கள், நிறம் மாறினாலும் எல்லைக்கோடு மாறவில்லை. பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் கழுத்து வளையம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தியில் மார்பில் இரண்டு பட்டை இருந்தால் ஆண், ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில் விட்டுப்போய் இருந்தால் பெண். சின்ன நீல மீன்கொத்தியில் சொண்டு முழுவதும் கறுப்பானது ஆண், கீழ்ச்சொண்டு சிவந்தது பெண்.

குஞ்சுகள் பெரிய குழப்பம். செம்பருந்தைத் தலையும் மார்பும் வெள்ளை, மிச்சம் செங்கபிலம் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் இளம் பருந்து முழுவதும் மண் கபிலம். வெண்வயிற்றுக் கடற்கழுகும் அப்படியே, வெள்ளையும் சாம்பலும் வருவதற்குச் சில ஆண்டுகள் எடுக்கும். இந்த இரண்டுக்கும் நிறத்தை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். செம்பருந்தின் வால் நுனி வட்டம், கடற்கழுகின் வால் கட்டையாய் ஆப்பு வடிவம். கல்லடிப் பக்கம் இரண்டும் மீனுக்கு வருவதால் ஒப்பிட வசதி.

காலமும் உடுப்பை மாற்றும். தண்ணீர் நிற்கும் வயலுக்கு மேலே தாழப் பறக்கும் மீசை ஆலா, மாரியில் வெளிர் சாம்பல். திரும்பிப் போகும் ஏப்ரல் நெருங்கும்போது உச்சி முழுவதும் கறுத்து, வயிறும் கருஞ்சாம்பலாகிவிடும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீள வாலும் பொன்பிடரியும் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே. எல்லாவற்றிலும் என்னை அதிகம் ஈர்ப்பது அரசவால் ஈப்பிடிப்பான். இலங்கையிலேயே கூடு கட்டும் கிளையினத்தின் ஆண் வாழ்நாள் முழுவதும் செங்கபிலம். இந்தியாவிலிருந்து மாரிக்கு வரும் கிளையினத்தில் முதிர்ந்த ஆண் பால் வெள்ளை. ஜனவரியில் உங்கள் வளவுக்குள் வெள்ளை வாலோடு ஒன்று வந்தால், அது கடல் கடந்து வந்தது என்று நிச்சயமாக எழுதலாம். செங்கபிலத்தில் வந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வருகிறவற்றின் பெண்ணும் இளையதும் அதே நிறம்தான்.

இறகு பழசானால் வெளிறும். உதிர்த்துப் புதிது முளைக்கும் நாட்களில் காகத்தின் செட்டைகூடக் கபிலம் கலந்து தெரியும். காகத்தில் நம்ப வேண்டியது கழுத்து. பிடரியும் கழுத்தும் கருஞ்சாம்பலானால் ஊர்க்காகம், முழுவதும் ஒரே கறுப்பும் கனத்த சொண்டும் என்றால் அண்டங்காகம்.

கீழே கிடக்கும் இறகு

விழுந்த இறகை வைத்தும் ஓரளவு சொல்லலாம். நடுத்தண்டுக்கு இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் ஒடுக்கம், மறுபக்கம் அகலம் என்றால் செட்டையின் பறக்கும் இறகு. ஒடுங்கிய பக்கம்தான் காற்றை வெட்டும் முன் ஓரம். இரு பக்கமும் சமம் என்றால் பெரும்பாலும் வாலின் நடு இறகு. அடியில் பஞ்சுபோல நிறைய இருந்தால் உடம்பிறகு. மரத்தடியில் நீளமான செங்கபிலப் பறக்கும் இறகு கிடந்தால் மயிலை நினையுங்கள். தோகையின் பச்சையைத் தெரிந்த பலருக்கு ஆண் மயிலின் செட்டை இறகு அந்த நிறம் என்பது தெரியாது. செண்பகத்தின் செட்டை இறகும் செங்கபிலம்தான், ஆனால் மிகச் சிறியது. கபில இறகில் குறுக்கு வரியோடு, தடவினால் வெல்வெட்டாக, முன் ஓரத்தில் சீப்பின் பல்லாக நுண்ணிய நார்கள் இருந்தால் ஆந்தையினது.

பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்துவிட்டு இறகை அங்கேயே விட்டுவிடுங்கள். குமண, லகுகல, கல்லோயா போன்ற தேசிய பூங்காக்களுக்குள்ளிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது. செத்த பறவையைத் தொட வேண்டாம், இறகைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

எங்கே போகலாம்

முதல் மாதங்களில் வீட்டைச் சுற்றியும் வயலும் போதும். பிறகு உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்கள், வாகரைப் பக்கக் கண்ணாக் காடுகள் (உவர்நீர்க் கரையோரக் கண்டல் காடுகள்). கண் பழகியபின் குமணவுக்குப் போங்கள். 1938 இல் பறவைச் சரணாலயமான இடம் அது. 1970 இல் யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவானது, 2006 இல் குமண என்று பெயர் மாறியது, 2010 இல் ராம்சார் (ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஈரநிலமும் ஆனது. பாணமையைத் தாண்டி உகந்தை முருகன் கோயில் பக்கம்தான் வாசல். அங்குள்ள வில்லுக்குள் (ஆழமில்லாத சதுப்பு ஏரிக்குள்) நீர்ப்பறவைகள் ஏப்ரல் முதல் ஜூலை வரையான மாதங்களில் கூடு கட்டும். மஞ்சள் மூக்கு நாரையின் மார்புப் பட்டையும் பின்னிறகின் இளஞ்சிவப்பும், கூழைக்கடாவின் சாம்பலும், அரிவாள் மூக்கனின் கறுத்த மொட்டைத் தலையும், கரண்டிவாயனின் தட்டைச் சொண்டும் ஒரே பார்வைக்குள் வரும். கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். பறவை எழும்பினால் முட்டை வெயிலில் கிடக்கும், காகம் எடுத்துப் போகும்.

பெயர் தெரியாத பறவையை எழுதும் முறைக்கு ஒரு மாதிரி: "காலை 7 மணி, குளக்கட்டு, மைனா அளவு. உச்சி கறுப்பு, தொண்டை வெள்ளை, மார்பில் நெடுங்கோடு, வயிறு வெள்ளை, கோடு இல்லை. இடுப்பு தெரியவில்லை. பறக்கும்போது வால் ஓரம் வெள்ளை. கால் பார்க்கவில்லை." பார்க்காததையும் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பிறகு நினைவு தானாக ஒரு நிறத்தைப் பூசிவிடும். பறவையை இனங்காட்டும் மெர்லின் என்ற இலவச அப் போனில் இருந்தால், எழுதி முடித்த பிறகே திறவுங்கள். அது காட்டும் படத்தில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு இடமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓரிடம் பொருந்தாவிட்டாலும் கேள்விக்குறி போட்டு வையுங்கள், அடுத்த முறை அதே குளக்கட்டில் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.